கடிதத்தின் அடியில் இரண்டு சின்ன எழுத்து

மாரியாயி சித்தி கடைக்கு வந்தபோது மழை விட்டிருக்கவில்லை. குடையை வாசலிலேயே மடக்கி, தண்ணீரை வடியவிட்டு, சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தார். அடுத்தவர் இடத்தை ஈரமாக்கக் கூடாது என்று நினைக்கிற மனுஷி.

நான் கம்ப்யூட்டரில் யாரோ ஒருவருடைய காணி விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்தேன். புளத்கொகுபிட்டிய பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால், போட்டோ பிரதியும் டைப்பிங்கும் செய்கிற ராஸிக் நானாவின் கடை அது. அதன் மூலை மேசைதான் பல வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது.

சித்தி ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் எட்டாக மடித்த ஒரு தாள்.

“இத வாசி, புள்ள.”

“மொதல்ல ஒக்காருங்க சித்தி. டீ சொல்றேன்.”

“டீ குடிக்க வரல. வாசி.”

பிரித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, நடுவில் ஒரு ஓட்டையே விழுந்திருந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த அறிவித்தல். நான் முன்பு டைப் அடித்த எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் மெஷினில் ‘e’ எழுத்து எப்போதும் வரியைவிட ஒரு மயிரிழை மேலே ஏறித்தான் விழும். இதிலும் ஏறியிருந்தது. வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. என் கண் நேராகத் தாளின் அடிக்குப் போனது. இடது மூலையில் இருந்தது: DHW/sp.

இருபது வருஷமாக இந்த உலகத்தில் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த தாள் அது.

போன வாரம் நான் ஆபீசுக்குப் போன முதல் நாள், பாட்டா செருப்பு கடித்துக் காலில் கொப்புளம் வந்த கதையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்ததாக இரண்டு பேர் கடிதம் போட்டிருந்தார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புள்ளைக் காம்பிராவில் கூட்டம்

சித்தி ஏன் வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின நாள், தோட்டத்துப் பெண்களையெல்லாம் புள்ளைக் காம்பிராவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அந்தக் கட்டடத்தில்தான் எல்லாக் கூட்டமும் நடக்கும். மண்சரிவு பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். ஒரு இளம் பெண் அதிகாரி வந்து, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியிருக்கிறார்.

“நல்ல புள்ளதான். மரியாதையாத்தான் பேசிச்சு,” என்றார் சித்தி. “கடைசியில நம்ம மூணாம் நம்பர் லயம் இருந்த எடத்தக் காட்டிச்சு. போக வேணாம்னு தோட்டத்துல எழுத்துல சொல்லியும் கேக்காமத் திரும்பிப் போனவங்க இவங்க, அதனாலதான் செத்தாங்கன்னு சொல்லிச்சு. அடுத்து ஒரு காயிதத்தக் காட்டிச்சு. இதுதான் அந்த எச்சரிக்கைன்னிச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அத்தன பேரும் திரும்பி என்னையப் பாத்தாங்க.”

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த மூன்றாம் நம்பர் லயத்தில் மண்சரிந்து செத்த ஒன்பது பேரில் ஒருவர் செல்லையா சித்தப்பா, இவருடைய வீட்டுக்காரர். இன்னொருத்தி ஒன்பது வயது மகள் கௌசி. செல்லையா குடித்துவிட்டுப் பிடிவாதமாக லயத்துக்குப் போனார், பிள்ளையையும் கொண்டுபோய்க் கொன்றார் என்றுதான் தோட்டத்தில் இத்தனை வருஷமும் பேச்சு. சித்தி அதைக் காதில் வாங்கிக்கொண்டே கொழுந்து பறித்து, பென்ஷனும் வாங்கிவிட்டார். இப்போது அரசாங்கத்துப் படத்திலும் அதுவே வந்துவிட்டது.

“ஊருல ஆயிரம் பேசட்டும். படத்துல போட்டு ஊர் ஊராக் காட்டுறாங்கன்னா விட முடியாது புள்ள. அவரு கேக்காமப் போகல. காயிதம் சொல்லித்தான் போனாரு. அது இந்தக் காயிதம். வாசிச்சுச் சொல்லு.”

நான் வாசிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால், நான் அந்த எழுத்துகளின் கதைக்குப் போக வேண்டும்.

சொன்னவர் பெரிசு, அடித்தவர் சின்னது

இப்போது ஈமெயில் காலம். இந்த வழக்கம் தெரியாதவர்கள் இருப்பார்கள். அந்தக் காலத்து ஆபீஸ் கடிதம் எதை எடுத்தாலும் அடியில், இடது பக்கத்தில் சில எழுத்துகள் இருக்கும். முதலில் பெரிய எழுத்தில், கடிதத்தைச் சொன்னவருடைய முதலெழுத்துகள். பிறகு ஒரு சாய்ந்த கோடு. அதற்குப் பிறகு சின்ன எழுத்தில், அடித்தவருடையது. சண்முகம் மகள் பரமேஸ்வரி, sp. எங்கள் தோட்டத்து மேனேஜர் தொரையுடைய எழுத்துகளை இங்கே மாற்றித்தான் போட்டிருக்கிறேன், பத்திரிகைக்கு வம்பு வேண்டாம். என்னுடையதை மாற்றவில்லை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரிய கிளாக்கர் ஐயா. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனை.

“எதுக்குங்க ஐயா இது? கையெழுத்துத்தான் இருக்கே?” என்று கேட்டேன்.

“நாளைக்கு ஒரு பிழை வந்தா சொன்னது யாரு, அடிச்சது யாருன்னு தெரியணும்ல? நீ வெறும் கை, புள்ள. சொன்ன வாய் வேற. அதக் காட்டத்தான் ஒனக்குச் சின்ன எழுத்து.”

நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரே பெருமை. லயத்துக் காம்பிராவில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் பிள்ளை நான். அதற்கு முந்தி எங்கள் ஆட்களுடைய பெயர் ஆபீசில் இருந்ததென்றால் செக்ரோல் என்கிற வருகைப் பதிவில், நம்பரோடு, அவ்வளவுதான். இப்போது தொரையுடைய எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து.

அம்மாவைக் கேட்கவே வேண்டாம். இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாத அம்மா, வளைந்த பாம்பு மாதிரி ஒன்று, காது வைத்த கோடு மாதிரி ஒன்று என்று என் இரண்டு எழுத்தையும் பாடமாக்கிவிட்டார். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனதும், வேலை பிரிப்பதற்கு முந்தி, அறிவித்தல் பலகைக்கு முன்னால் போய் நின்று தாள்களின் அடியைத்தான் பார்ப்பார். என் எழுத்து இல்லாமல் மேலிடத்திலிருந்து ஏதாவது வந்து ஒட்டியிருந்தால், அன்று பொழுதுபட்டு வீட்டில் விசாரணை நடக்கும்.

“நேத்து நீ வேலைக்குப் போகலியா? எங்க போய்ச் சுத்துன?”

அம்மா பார்த்தால் நிரையில் கூடப் பறிக்கிற மாரியாயி சித்தியும் பார்ப்பார். சித்தி பார்த்தால் லயமே பார்க்கும். மெல்ல மெல்ல அது தோட்டத்து வழக்கமாகவே ஆகிவிட்டது. அறிவித்தலைக் கங்காணி தமிழில் வாசிப்பார். ஆட்கள் தலையாட்டிவிட்டு, ஒருவராவது பலகைக்குக் கிட்டே போய் அடியைப் பார்ப்பார்கள். “நம்ம புள்ள எழுத்து இருக்கு” என்றால் அது உண்மை. இல்லையென்றால், “எதுக்கும் ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்.”

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் அடித்த ஒவ்வொரு அறிவித்தலையும் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுவேன். எது நிஜம், எது சும்மா மிரட்டல் என்று அம்மா மூலமாக எல்லாருக்கும் போய்விடும். ‘வெறும் கை’ என்று காட்டுவதற்காக வைத்த எழுத்தை எங்கள் ஆட்கள் சாட்சிக் கையெழுத்தாக ஆக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்து, பிடித்தும் இருந்தது.

பழைய ஸ்டோர்

அந்த வருஷம் மழை ஓயாமல் பெய்தது. மூன்றாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் மலை நிலத்தில் ஒரு வெடிப்பு. முதல் நாள் கை நுழைகிற அகலம். நாலாம் நாள் ஒரு ஆட்டுக்குட்டி அதில் விழுந்து கத்தியது. லயத்துச் சுவரும் பிளந்தது. ஆட்கள் சத்தம் போட்டதும், பெட்டி படுக்கையோடு எல்லாரையும் பழைய ஸ்டோருக்கு மாற்றினார்கள். சாக்கை மறைப்பாகக் கட்டி, உரம் நாறுகிற சிமெந்துத் தரையில் பன்னிரண்டு குடும்பம்.

மூன்று வாரம் போனது. அப்போது ஒரு செய்தி வந்தது. தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்களாம். ஆட்கள் நன்றாக வாழ்கிறார்களா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்களாம். ஸ்டோரில் சாக்குக் கட்டி வாழ்கிற பன்னிரண்டு குடும்பத்தை அவர்களுக்குக் காட்ட முடியுமா?

தொரை என்னைக் கூப்பிட்டார். நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். மூன்றாம் நம்பர் லயத்தைச் சேர்ந்தவர்கள் அனைவரும் சனிக்கிழமைக்குள் தங்கள் காம்பிராக்களுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதவர்களுக்குப் பெரட்டில் பெயர் கூப்பிடப்படாது, வேலை கிடையாது. மேற்படி இடம் பரிசோதிக்கப்பட்டு, ஆபத்தில்லை எனக் காணப்பட்டுள்ளது.

அந்தக் கடைசி வரியில் என் பென்சில் நின்றது.

யாரும் வரவில்லை. யாராவது வந்திருந்தால் எனக்குத் தெரியும். ஆபீசுக்கு வருகிற பெரிய மனிதருக்குக் கோப்பை எடுத்து வைக்கச் சொல்வதே நான்தான். அந்த மாசம் ஒரு கோப்பையும் அலுமாரியிலிருந்து இறங்கவில்லை.

தொரை திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. “எழுதியாச்சா?” என்று கேட்டார்.

“எழுதிட்டேன், சேர்.”

அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ‘யார் வந்து பார்த்தது, சேர்?’ நாலே சொல். அதைக் கேட்க இன்றைக்கும் எனக்கு வாய் துடிக்கிறது, கேட்க வேண்டிய அன்றைக்கு வரவில்லை.

அடித்துக் கொண்டுபோனபோது அவர் கொழும்புக்குக் கிளம்பி ஜீப்பில் ஏறிவிட்டார். “போர்ட்ல போடத்தானே, கையெழுத்து எதுக்கு?” என்றார். ஆகவே அந்தத் தாளில் யாருடைய கையெழுத்தும் இல்லை. அடியில் DHW/sp மட்டும்.

அன்று பொழுதுபட அம்மா கேட்டார். “மூணாம் நம்பர் ஆளுங்களத் திரும்பிப் போகச் சொல்லிக் காயிதமாமே? நெசமா?”

“தொரை சொன்னாரு, நான் அடிச்சேன். என்னையப் போட்டுக் கேட்டா?” என்று எரிந்து விழுந்தேன்.

நான் எரிந்து விழுந்ததை அம்மா யாருக்கும் சொல்லவில்லை. “ஆமா, நம்ம புள்ளதான் அடிச்சிச்சு” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை

சனிக்கிழமை எல்லாரும் திரும்பினார்கள். செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணி இருக்கும். நான் ஆபீசில் சம்பளப் படிவத்தை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த டீ கிளாஸ் தானாக நடுங்கியது. லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. மழைகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

ஓடினோம். லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. சிவப்பு மண்ணும் வேரும்தான். பச்சை மண் வாசனை மூக்கை அடைத்தது. ஒரு தகரம் மட்டும் மண்ணுக்குமேல் நீட்டிக்கொண்டு, மழைத்துளி விழ விழ டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

பெரியவர்கள் பெரும்பாலும் மலையில் வேலைக்குப் போயிருந்ததால் ஒன்பது பேரோடு நின்றது. செல்லையா சித்தப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் காம்பிராவில் இருந்தார். மழைக்காக ஸ்கூல் மூடியிருந்ததால் கௌசியும் இருந்தாள். சித்தி கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து முதுகில் கூடையோடு ஓடிவந்தார். கூடையைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை. கூடையோடு மண்ணில் விழுந்து கையால் தோண்டினார். நான் அவருக்குப் பக்கத்தில் தோண்டினேன். என்னை நிமிர்ந்து பார்த்து, “ஆபீஸ் உடுப்பு அழுக்காகுது புள்ள, நீ தள்ளிப் போ” என்றார்.



மூன்றாவது தாள்

மூன்று நாள் கழித்துப் பெரிய கிளாக்கர் ஐயா என் மேசைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். அந்த அறிவித்தலின் கார்பன் பிரதியைப் பைலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார். பலகையில் இருந்த தாளைக் காணோம். மழைக் காற்றில் போயிருக்கும் என்று எல்லாரும் நினைத்தோம்.

“இதுக்குப் பதிலா வேறொண்ணு அடிக்கணும் புள்ள. அதே தேதி. அதிகாரிங்க வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் யாரும் லயத்துக்குப் போகக் கூடாதுன்னு.”

“ஐயா, நாம போகச் சொல்லித்தானே...”

“தெரியும். எனக்குத் தெரியாதா?” அவருடைய முகம் வெளிறியிருந்தது. “மேலேருந்து சொல்லிட்டாங்க. எனக்கு ரிட்டயராக இன்னும் ஒண்ணர வருஷம் இருக்கு. நீ ஆபீசுக்கு வந்தே மூணு வருஷம். அடி. கீழ ஒண்ணும் போட வேணாம். தொரையுடையதும் வேணாம், ஒன்னுடையதும் வேணாம்.”

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. தாளை ஏற்றினேன்.

அடித்து முடித்தபோது பார்த்தால், அடியில் DHW/sp இருந்தது. விரல் தன்பாட்டுக்கு அடித்துவிட்டது. தாளை உருவிக் கசக்கினேன். இரண்டாவது தாள். கவனமாகத்தான் அடித்தேன், கடைசி வரி முடிந்து தாளை இரண்டு தட்டு இறக்கியதும் விரல் மறுபடியும் D-யைத் தொட்டுவிட்டது. ஐயா அதையும் வாங்கிக்கொண்டார். மூன்றாவது தாளில் கடைசி முற்றுப்புள்ளியை வைத்ததும் இரண்டு கையையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கழற்றியது அவர்தான்.

பொலிஸ் வந்து ஆபீஸ் ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தது. அந்த மூன்றாவது தாளை என் முன்னால் வைத்து, “மேக்க டைப் கரே கவுத?”, இதை அடித்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்.

“மம, மஹத்தயா,” என்றேன். நான்தான் அடித்தேன், அதில் பொய் இல்லை.

இதுதான் பலகையில் இருந்ததா என்று அடுத்த கேள்வி. பெரிய கிளாக்கர் ஐயா சுவரோரம் நின்று தன் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒவ், மஹத்தயா.”

ஆமாம் என்று சிங்களத்தில் சொன்ன அந்த ஒரு சொல்லோடு செல்லையா சித்தப்பா பேச்சுக் கேட்காத குடிகாரனாகிவிட்டார். எட்டுப் பேர் அவருக்குத் துணை. தொரை இன்னொரு தோட்டத்துக்கு மாறிப் போனார். வெளிநாட்டுக்காரர்களும் பிறகு ஒரு நாள் வந்து, காலியான ஸ்டோரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பயம்தான். வேறு பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். கம்பி எண்ண வேண்டி வருமோ என்று பயந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, புதுத் தாளில் என் எழுத்து இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுபடியும் கடை

“பலகையிலேருந்து இது எப்படி ஒங்க கைக்கு வந்திச்சு, சித்தி?” என்று ஒருவழியாகக் கேட்டேன்.

“நான்தான் போக மாட்டேன்னேன். வெடிப்ப என் கண்ணால பாத்திருக்கேன்ல? கங்காணி வாசிச்சா வாசிச்சுட்டுப் போறாரு, பேரு கூப்புடாட்டி பட்டினி கெடக்குறேன், புள்ளையோட அங்க படுக்க மாட்டேன்னு ஸ்டோர்லயே ஒக்காந்துட்டேன். அவரு பெரட்டுக் களத்துக்குப் போயி இந்தக் காயிதத்தையே பிச்சுக்கிட்டு வந்துட்டாரு. எனக்குக் காட்டத்தான். இந்தா பாரு, நம்ம அக்கா மக எழுத்து, பொய்யா இருக்குமாடின்னு கேட்டாரு. நானும் பாத்தேன். இருந்திச்சு. பேசாம மூட்டையக் கட்டிட்டேன்.”

சித்தி தாளை மேசையில் கையால் நீவினார்.

“அந்தச் செவ்வாக்கெழம மலைக்குப் போறப்ப இது என் ரவிக்கையில இருந்திச்சு. அதான் தப்பிச்சிது.”

“இத்தன வருஷமா ஏன் யாருக்கும் காட்டல?”

“இதுல ஒன் எழுத்துல்ல இருக்கு? எவனாவது பொலிசுக்குக் குடுத்தா ஒன்னையத்தானே கொண்டு போவான். அக்கா மொகத்த நான் எப்படிப் பாக்குறது? அக்கா இருக்குற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன்.”

எங்கள் அம்மா போய்ப் பத்து மாசமாகிறது. அந்தப் பத்து மாசமும் சித்தி பொறுத்திருந்திருக்கிறார். கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டியிருக்காவிட்டால் இன்னும் பொறுத்திருப்பார்.

நான் சொல்லிவிட்டேன். படத்தில் காட்டிய எச்சரிக்கைக் கடிதத்தை அடித்ததும் நான்தான் என்று. அவர்கள் செத்த பிறகு, மூன்று நாள் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு அடித்தேன் என்று. தலையைத் தூக்காமல் சொன்னேன்.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“அதுல ஒன் எழுத்து இல்லியே,” என்றார் சித்தி.

“போட வேணாம்னு சொன்னாங்க, சித்தி.”

“அந்தத் துணியில காட்டினப்ப நான் அடியிலதான் தேடுனேன். காணோம். அப்ப இது நம்ம புள்ள அடிச்சது இல்லன்னு...” நிறுத்தினார். “எனக்கு ஒரு சந்தோசம் புள்ள. மத்தவங்க எல்லாம் என்னையப் பாத்துக்கிட்டு இருக்காங்க, நான் அதுக்குச் சந்தோசப்பட்டுக்கிட்டு நிக்கிறேன்.”

என்னால் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். சித்தி அதே இடத்தில் அப்படியே இருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “நேரம் போகுது, எழுது,” என்றார்.

சித்தி சொன்ன கடிதம்

அந்தக் கூட்டத்தை நடத்திய அலுவலகத்துக்கு எழுதினோம். அவர் சொன்னார், நான் அடித்தேன். ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை. ‘என் வீட்டுக்காரர் அன்றைக்குக் குடிக்கவில்லை, காய்ச்சலில் கிடந்தார். போகச் சொல்லிக் காயிதம் போட்டதால் போனார். அவரைப் படத்தில் காட்டுவதை நிப்பாட்டவும்.’ அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல இருந்தது.

அதற்குக் கீழே, இரண்டாம் பக்கத்தில், நான் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். நீங்கள் எச்சரிக்கை என்று காட்டுகிற கடிதத்தின் அடியைப் பாருங்கள், ஒரு எழுத்தும் இருக்காது. அந்த வருஷத்துத் தோட்டத்துப் பைலைப் புரட்டிப் பாருங்கள், அந்த ஆபீசில் அடித்ததில், அடியில் எழுத்து இல்லாத கடிதம் இன்னொன்று கிடைக்காது. இல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும், அடித்தது நான். கையெழுத்துப் போட்டேன்.

பிரதி எடுத்த ராஸிக் நானா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இத அனுப்பினா ஒங்கட கழுத்துக்குத்தான் வரும், தங்கச்சி. யோசிச்சுத்தான் செய்றீங்களா?”

“இருபது வருஷம் யோசிச்சாச்சு நானா. எடுங்க.”

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். இதை எழுதுகிற வரைக்கும் பதில் இல்லை. பொலிஸ் வந்தாலும் வரலாம். வரட்டும், இந்த முறை தமிழில் சொல்கிறேன்.

அனுப்புவதற்கு முந்தி நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

சித்தியின் பக்கத்தை அடித்து முடித்ததும் என் விரல் பழையபடி இரண்டு தட்டு இறங்கியது. நான் தடுக்கவில்லை. காளிமுத்து மகள் மாரியாயி. KM, சாய்ந்த கோடு, sp. தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் குனிந்து பார்த்தார்.

“இதுல நீ எது?”

“இந்தச் சின்னது, சித்தி. அடிச்ச ஆளு.”

“அப்ப இந்தப் பெருசு?”

“அது நீங்க. சொன்ன ஆளு. சொன்ன ஆளுக்குத்தான் பெரிய எழுத்து.”

சித்தி அந்தப் பெரிய எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பழைய தாளைப் பக்கத்தில் இழுத்து, அதன் அடியில் விரலை வைத்தார். DHW-ஐத் தாண்டி, கோட்டைத் தாண்டி, sp-யில் விரல் நின்றது. அந்த இடத்தில் தாள் தேய்ந்து பஞ்சு மாதிரி இருந்தது.

“இதத்தான் தொட்டுக் காட்டினாரு,” என்றார். “பெருச அவரு பாக்கவே இல்ல.”